கேள்வி – பதில்: ரிசாலின் நாட்டுக்கு இன்று எத்தனை புள்ளி?

சென்ற இதழில், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் ஹோசே ரிசால், புரட்சி இயக்கத் தலைவர் அந்திரேஸ் பொனிபாசியோ முதலான பிலிப்பைன்ஸ் விடுதலை வீரர்கள் பற்றிய சிறு குறிப்பு ஒன்று வந்தது. அதைப் படித்தவர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: அவ்வளவு பேர் உயிரைக் கொடுத்த நாட்டில், இன்றுள்ள சனம் அதற்குத் தக்கபடி நடக்கிறதா? சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோரையும் ஊரால் மட்டும் குறிக்கிறோம்.

கேள்வி: ரிசாலும் பொனிபாசியோவும் செத்தது இந்தப் பிலிப்பைன்ஸுக்காகவா? ஊழல், குடும்ப ஆட்சி, பிழைப்புக்கு ஊர் ஊராய் ஓடும் சனம். இவர்கள் அந்தத் தியாகத்துக்குத் தகுதியானவர்களா? (ஓய்வுபெற்ற அதிபர், உவர்மலை)

பதில்: ஐயா, மரணத்தை அளவுகோலாக வைத்தால் உலகத்தில் எந்தச் சனமும் தேறாது. ஹோசே ரிசால் 1896 டிசம்பர் 30 காலை மணிலாவின் பகும்பயான் திடலில் சுடப்பட்டபோது அவருக்கு 35 வயது. சுடுவதற்கு முன் ஒரு ஸ்பானிய வைத்தியர் கை பிடித்துப் பார்த்தார். நாடி சாதாரணமாகவே ஓடியது. இதற்கு யார் ஈடு காட்டுவது?

அவருடைய வாழ்க்கையின் இன்னொரு பகுதியை அளவுகோலாக எடுக்கலாம். 1892 ஜூலையிலிருந்து 1896 ஜூலை வரை மிண்டனாவோ தீவின் தபித்தான் என்ற சிற்றூரில் அவர் நாடு கடத்தப்பட்டிருந்தார். கைதிதான், ஆனால் சும்மா இருக்கவில்லை. லொத்தரில் மூவர் சேர்ந்து வென்ற பணத்தில் தன் பங்காக வந்த 6,200 பேசோவில் ஒரு பகுதியைத் தகப்பனுக்கு அனுப்பினார், காணி வாங்கினார். கூலி வாங்காமல் ஊர்ப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர்கள் பதிலுக்குத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். கண் வைத்தியம் படித்தவர் என்பதால் தூர இடங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். வசதியானவரிடம் காசு வாங்கினார், ஏழையிடம் வாங்கவில்லை. வசதியுள்ள ஒரு நோயாளி கொடுத்த 500 பேசோவை ஊர்த் தெருவுக்கு விளக்குப் போடச் செலவழித்தார். ஓடையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மாணவர்களை வைத்துக்கொண்டே வேலை செய்தார். மிண்டனாவோவின் மேடு பள்ளத்தை மண்ணாலும் கல்லாலும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றைத் தேவாலயத்து முன்றலில் அமைத்தார். அது இன்றும் அங்கே இருக்கிறது. விவசாயிகளுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்.

இந்தத் தபித்தான் கணக்கில் ஊர் மட்டத்துப் பிலிப்பினோவுக்கு நல்ல புள்ளி போடலாம். கொரோனா முடக்கம் நீண்ட 2021 ஏப்ரலில், கேசோன் சிட்டியின் மகின்ஹாவா வீதியோரத்தில் ஒரு சின்ன மூங்கில் வண்டியில் அரிசியும் மரக்கறியும் வைத்து, “இயன்றதைக் கொடு, தேவையானதை எடு” என்ற கருத்தில் ஒரு அட்டை எழுதி வைத்தார்கள். சில நாளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் அப்படி வண்டிகள் முளைத்தன. உடனே பாதுகாப்புத் தரப்பில் சிலர் இதைக் கம்யூனிஸ்ட் வேலை என்று முத்திரை குத்த, முதல் வண்டியே ஒருநாள் நிறுத்த வேண்டியதாயிற்று. ரிசாலையும் இப்படித்தான் கலகக்காரர் என்று முத்திரை குத்தினார்கள். புயல் வந்தால், வெள்ளம் வந்தால், பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு ஒன்றாக வேலை செய்வது அங்கே இன்றும் குறையவில்லை.

ஆட்சி மட்டத்துக்கு வந்தால் கணக்கு சறுக்குகிறது. அதே தண்ணீர் விஷயத்தையே பாருங்கள். 2022 நடுப்பகுதியிலிருந்து வெள்ளத் தடுப்பு வேலைகளுக்கு 545 பில்லியன் பேசோ, 9,855 திட்டங்கள் என்று 2025 ஓகஸ்டில் அரசே கணக்கு வெளியிட்டது. அந்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு 15 ஒப்பந்தக்காரர்களிடம் போயிருந்தது. சில அணைக்கட்டுகள் கடதாசியில் மட்டும் இருந்தன. கைதி ஒருவர் பையன்களை வைத்துச் செய்த வேலையை அரசாங்கம் பில்லியன்களில் செய்ய முடியாமல் போனது என்றால், தகுதி யாருக்கு இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் சனத்துக்கு முழுப் புள்ளி போட்டுவிடவும் முடியாது. அந்த நாற்காலிகளுக்கு ஆட்களை அனுப்புவதும் அதே சனம்தான், அதுவும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாக்களித்து.

2025 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர்கள் இதற்காகத் தெருவில் இறங்கினார்கள். 1972இல் இராணுவச் சட்டம் வந்ததை நினைவுகூரும் நாள் அது. அடுத்த பெரிய ஊர்வலத்துக்கு நவம்பர் 30ஐத் தெரிந்தெடுத்தார்கள்; பொனிபாசியோவின் பிறந்த நாள். விடுமுறை நாளை வேலைநாளாக மாற்றுவது என்றால் இதுதான்.

கேள்வி: என் மகள் குவைத்தில் வீட்டு வேலை. அங்கே பிலிப்பினோப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அரசாங்கம் “புதிய வீரர்கள்” என்று பட்டம் கொடுத்திருக்கிறதாம். பட்டத்தால் என்ன கிடைக்கிறது? (தாய் ஒருவர், மூதூர்)

பதில்: அம்மா, பட்டத்தை 1988இல் ஹொங்கொங்கில் வீட்டுப் பணிப்பெண்கள் கூட்டத்தில் பேசும்போது ஜனாதிபதி கொரசோன் அக்கினோ கொடுத்தார். பட்டம் இலவசம், அனுப்பும் காசுதான் பெறுமதி. 2024இல் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம் மட்டும் 34 பில்லியன் டொலருக்கு மேல். அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தது 6.5 பில்லியன் அளவு.

பட்டத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. 1995 மார்ச் 17 அன்று சிங்கப்பூரில் ஃபுளோர் கொன்டெம்பிளாசியோன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். நாடே கொதித்தது. மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 7ஆம் திகதி, குடியரசுச் சட்டம் 8042 கையெழுத்தானது. அதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விதி: வெளிநாட்டு எஜமான் சம்பளம் தராவிட்டால், அனுப்பிய மணிலா ஏஜென்சியும் சேர்ந்து பொறுப்பு. அந்தப் பெண் குவைத் நீதிமன்றத்தில் அலைய வேண்டாம். ஊர் திரும்பி மணிலாவில் தொழில் நடுவரிடம் ஏஜென்சி மீது வழக்குப் போடலாம். பிறகு 2006 கடைசியில் வீட்டுப் பணிப்பெண்களுக்கு மாதம் குறைந்தது 400 டொலர், ஏஜென்சிக் கட்டணம் ஒரு சதமும் இல்லை என்று விதி வந்தது. போகுமுன் கட்டாய வகுப்பு, ஒரு ஒப்பந்தத்துக்கு 25 டொலர் கட்டி நலன்புரி அங்கத்துவம். செத்தால் உடலைக் கொண்டுவருவது முதல் ஆள் தப்பி வந்தால் தங்குமிடம் வரை அந்த நிதியில்தான்.

எங்கே உடைகிறது? மூன்று இடத்தில். மணிலாவில் 400 டொலருக்குக் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை அங்கே போனதும் வேறு ஒப்பந்தமாக மாற்றிவிடுவார்கள். இரண்டாவது, சுற்றுலா விசாவில் போனவருக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. மூன்றாவது, இலவசம் என்று சொன்ன கட்டணத்தை “பயிற்சிச் செலவு”, “மருத்துவச் செலவு” என்று வேறு பெயரில் வாங்குவது. இந்த மூன்றும் நம் பக்கத்திலும் அப்படியேதான். 2013 ஜனவரியில் சவூதியில் தலை வெட்டப்பட்ட உங்கள் ஊர்ப் பெண் பிள்ளையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் அனுப்பப்பட்ட சிறுமி அவள்.

மகள் போகும்போது செய்ததைவிட இப்போது செய்ய வேண்டியது முக்கியம். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், விசாப் பக்கத்தையும், ஏஜென்சி கொடுத்த ரசீதையும் படம் எடுத்து உங்கள் கைப்பேசியில் வைத்திருங்கள், அவளுடையதில் மட்டும் வேண்டாம். ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த திகதியை மாதாமாதம் எழுதுங்கள். இரண்டு மாதம் தவறினால் எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குப் பிறகு சாட்சி இருக்காது.

கேள்வி: எங்கள் கப்பலில் பாதிப் பேர் பிலிப்பினோ. கொடியைக் கண்டால் நெஞ்சில் கை வைக்கிறார்கள், அரசாங்கத்தைக் கண்டால் திட்டுகிறார்கள். இது என்ன தேசபக்தி? (கப்பல் ஊழியர், திருக்கடலூர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் இருக்கிறது தம்பி. கொடி பழக்கம். 1998இன் கொடிச் சட்டம் 8491படி ஒவ்வொரு திங்கள் காலையும் எல்லா அரச அலுவலகங்களிலும் கொடியேற்றம், வெள்ளி பின்னேரம் இறக்கம். தேசிய கீதத்தை மூல இசையமைப்பின்படியே இசைக்க வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. குத்துச்சண்டை மேடையில் இழுத்துப் பாடும் பிரபல பாடகர்கள் ஒவ்வொரு முறையும் வாங்கிக் கட்டிக்கொள்வது இதனால்தான். தண்டம் 5,000 முதல் 20,000 பேசோ வரை, அல்லது ஒரு வருடம் வரை சிறை. போரில் இருக்கும் காலத்தில் சிவப்புப் பட்டை மேலே வரும்படி அதே கொடியைத் தலைகீழாக ஏற்றுவார்கள். இது சிறுவயதிலேயே எல்லோருக்கும் தெரியும்.

திட்டுவது சம்பளத்தால். உங்களோடு வேலை செய்பவரின் அடிப்படைச் சம்பளத்தில் 80 வீதத்துக்குக் குறையாமல் ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்று அரசின் நிலையான ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏஜென்சி அதை பேசோவாக்கி வீட்டாரின் கணக்கில் போடும். இப்படிக் கட்டாயப்படுத்தும் வழக்கம், 1972இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்த ஜனாதிபதி மார்கோஸின் காலத்திலேயே தொடங்கியது. 1982இல் பணிப்பெண்களுக்கும் 50 வீதக் கட்டாயம் வைத்தார்கள். ஹொங்கொங்கில் இருந்த பெண்கள் ஞாயிறுதோறும் கூடிச் சண்டை பிடித்து அதை 1985இல் வாபஸ் வாங்க வைத்தார்கள். கடலோடிகளுக்கு மட்டும் அது நிலைத்துவிட்டது. 2024 செப்டெம்பரில் கடலோடிகளின் உரிமைச் சாசனம் என்று சட்டம் 12021 வந்தது. நல்ல பெயர். ஆனால் விபத்து நட்டஈட்டு வழக்கில் வென்றவர், எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால், சர்ச்சைக்குரிய தொகையை எடுக்கப் பிணை கட்ட வேண்டும் என்று ஒரு விதியும் அதற்குள் வந்தது. கால் முறிந்து கரையேறியவன் பிணைக்கு எங்கே போவான்? அவர் திட்டுவது இதைத்தான்.

கேள்வி: அங்கே பாடசாலையில் வீரர்களைப் பற்றி எப்படிப் படிப்பிக்கிறார்கள்? எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையில் இதைச் சொல்ல முடியுமா? (வரலாற்று ஆசிரியை, கிண்ணியா)

பதில்: அங்கே இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1956 ஜூன் 12இல் வந்த சட்டம் 1425. செனட்டர் கிளாரோ ரெக்டோ கொண்டுவந்தார். ரிசாலின் இரண்டு நாவல்களிலும், 1887இல் பெர்லினில் அச்சான முதலாவதிலும் 1891இல் கென்ட் நகரில் அச்சான இரண்டாவதிலும், பாதிரிமார் வெளுத்து வாங்கப்பட்டிருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. கடைசியில் ஒரு சமரசம்: கல்லூரியில் வெட்டப்படாத மூலப் பிரதியே பாடம், மதக் காரணத்தால் மனம் ஒப்பாதவர் எழுதிக் கொடுத்தால் நாவலைப் படிக்காமல் இருக்கலாம், ஆனால் ரிசால் பாடத்திலிருந்து தப்ப முடியாது. மலிவுப் பதிப்பு அச்சிட்டு ஊர்ச் சபைகள் மூலம் இலவசமாகக் கொடுக்கவும் அந்தச் சட்டமே 300,000 பேசோ ஒதுக்கியது. பாடசாலையில் தரம் 9இல் முதல் நாவல், தரம் 10இல் இரண்டாவது.

சட்டம் பழுதில்லை, பழுது வேறிடத்தில். ரிசால் எழுதியது ஸ்பானிய மொழியில். பிள்ளை படிப்பது மொழிபெயர்ப்பின் சுருக்கத்தின் சுருக்கம். யார் யாரைக் காதலித்தார், எந்தப் பாத்திரம் எந்தப் பக்கத்தில் செத்தது என்பதே பரீட்சைக் கேள்வி. 2014இல் உயர்நிலைப் பாடசாலையிலிருந்து பிலிப்பைன்ஸ் வரலாறு தனிப் பாடமாக இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு வரலாற்றுப் படம் வெளியானபோது, அதில் மாபினியாக நடித்தவரிடம் சில மாணவர்கள், “நீங்கள் ஏன் படம் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறீர்கள்?” என்று கேட்டார்களாம். அப்போலினாரியோ மாபினி 1896இலேயே கால்கள் விளங்காமல் போனவர், நாற்காலியில் இருந்தபடியே முதல் குடியரசை நடத்தியவர், அமெரிக்கருக்கு அடிபணிய மறுத்ததால் குவாமுக்கு நாடு கடத்தப்பட்டவர். பல நாட்டு மாணவரை ஒப்பிடும் 2022 பீசா சோதனையில் பிலிப்பைன்ஸின் வாசிப்புப் புள்ளி 347. பணக்கார நாடுகளின் சராசரி 476. வாசிக்கவே தடுமாறும் பிள்ளையிடம் நாவலைக் கொடுத்துவிட்டு நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்று புலம்புகிறார்கள்.

உங்கள் 40 நிமிடத்துக்கு ஒரு யோசனை. வாழ்க்கை வரலாற்றை விட்டுவிடுங்கள். முதல் பத்து நிமிடம் தபித்தான் வேலைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: பள்ளி, விளக்கு, தண்ணீர், கண் வைத்தியம், வரைபடம், சங்கம். அடுத்த இருபது நிமிடம் நால்வர் குழுவாகப் பிரித்து, கிண்ணியாவில் இதில் எது குறைவு, அதை ஆறு மாதத்தில் செய்ய யார், எவ்வளவு காசு, எந்த அலுவலகத்தின் அனுமதி என்று எழுத வையுங்கள். கடைசிப் பத்தில் ஒரு குழு மட்டும் வாசிக்கட்டும். எல்லாக் குழுவையும் வாசிக்க விட்டால் மணி அடித்துவிடும். சுட்டுக் கொன்ற காட்சியை முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகளுக்கு வேறெதுவும் காதில் ஏறாது.

கேள்வி: வீரர்களின் நாட்களை அங்கே எப்படி அனுட்டிக்கிறார்கள்? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: டிசம்பர் 30 ரிசால் நாள். கொடி அரைக்கம்பத்தில். 1948ஆம் ஆண்டுச் சட்டம் 229படி அன்று சேவல் சண்டை, குதிரைப் பந்தயம் கூடாது. மீறினால் 200 பேசோ வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. குற்றவாளி நகர மேயராக இருந்தால் ஒரு மாதம் பதவியும் இல்லை. நவம்பர் 30 பொனிபாசியோ நாள். ஓகஸ்டின் கடைசித் திங்கள் எல்லா வீரர்களுக்கும். அது திங்களில் விழுவதற்குக் காரணம் 2007இல் வந்த சட்டம் 9492: நீண்ட வார இறுதி கிடைத்தால் சனம் ஊர் சுற்றும், கடைகளுக்கு வியாபாரம் என்ற கணக்கு. அதுபடியே சுற்றுகிறார்கள்.

யார் தேசிய வீரர் என்று சொல்லும் சட்டம் மட்டும் இன்றுவரை இல்லை. 1993இல் ஒரு குழு அமைத்தார்கள், 1995இல் ஒன்பது பெயர் கொடுத்தார்கள், அதை யாரும் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றினால் பத்தாவது பெயருக்குச் சண்டை வரும் என்ற பயம்.

கேள்வி: பொனிபாசியோவை ஸ்பானியர்தானே கொன்றார்கள்? (உயர்தர மாணவன், சம்பூர்)

பதில்: இல்லை. 1892 ஜூலை 7இல் கட்டிபுனான் என்ற இரகசிய இயக்கத்தைத் தொடங்கிய அந்திரேஸ் பொனிபாசியோவைக் கொன்றது சொந்த இயக்கத்து ஆட்கள். 1897 மார்ச் 22இல் தேஹேரோஸில் கூடிய கூட்டத்தில் இயக்கத்தின் இன்னொரு தளபதி எமிலியோ அகினால்டோ தலைவரானார். பொனிபாசியோவுக்கு உள்நாட்டுப் பதவி கிடைத்தது. ஒருவர் எழுந்து, அந்தப் பதவிக்குச் சட்டம் படித்தவர் வேண்டும் என்றார். பண்டகசாலைக் காவலாளியாக வேலை செய்து தானாகப் படித்தவரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அவர் கூட்டத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். பிறகு கைது, இராணுவ விசாரணை. மே 10ஆம் திகதி மரகோந்தோன் மலையில் தம்பியோடு சேர்த்துக் கொன்றார்கள். ரிசாலின் முதுகுக்குக் குறிவைத்த முன்வரிசைச் சிப்பாய்களும் ஸ்பானியப் படையில் சேர்ந்திருந்த பிலிப்பினோக்களே. அவர்கள் பின்னால் ஸ்பானியர் துவக்கோடு நின்றார்கள். 1899இல் ஜெனரல் அன்டோனியோ லூனாவையும் சொந்தப் படையாட்களே வெட்டியும் சுட்டும் கொன்றார்கள்.

“அந்தக் காலத்து ஒற்றுமை இப்போது எங்கே” என்று அங்கே மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். எண்பது தாண்டிய வயதில் தன் சிறு கடையிலிருந்து புரட்சிக்காரருக்குச் சோறு போட்டு, காயத்துக்கு மருந்து கட்டி, அதற்காகக் குவாமுக்கு அனுப்பப்பட்ட மெல்ச்சோரா அக்கினோவை மட்டும் எந்தப் பக்கமும் குறை சொல்லவில்லை. 107 வயது வரை இருந்தார்.

கேள்வி: சர்வாதிகாரியைத் துரத்திய சனம் அவருடைய மகனையே ஜனாதிபதியாக்கியதே! வெட்கமில்லையா? (வாசகி, நிலாவெளி)

பதில்: 1986 பெப்ரவரி 22 முதல் 25 வரை எட்சா நெடுஞ்சாலையில் தாங்கிகளின் முன் சனம் உட்கார்ந்து, மார்கோஸ் ஹவாய்க்குப் பறந்தது உண்மை. 2022 மே 9இல் மகன் மார்கோஸ் 31 மில்லியனுக்கு மேல் வாக்கு வாங்கியதும் உண்மை. 2022இல் வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினருக்கு எட்சா, பாட்டன் சொன்ன கதை. இடையில் 36 வருடம் ஆண்டவர்களும் அதே சில குடும்பங்கள். 1987 அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு குடும்ப ஆட்சியைத் தடுக்கிறது. “சட்டம் வரையறுப்பதன்படி” என்று ஒரு வால் அதற்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய காங்கிரஸில் இருப்பவர்கள் அந்தக் குடும்பத்தாரே. 2016இல் இளைஞர் சபைத் தேர்தலுக்கு மட்டும் தடையை எழுதினார்கள். பிள்ளைகளுக்கு விதி, அப்பாமாருக்கு விதிவிலக்கு.

வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 மே மாதம் நம் கடற்படைத் தளத்தில் வந்து ஒளித்த முன்னாள் பிரதமரின் குடும்பத்தை நாமும் பல முறை வாக்குப் போட்டுத்தான் கொண்டுவந்தோம். “நாம்” என்றால் தீவு. திருகோணமலைக்காரர் குறைவாகப் போட்டிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் அவர்களை மெச்ச வேண்டும். 2013இன் சட்டம் 10368, மார்கோஸ் காலத்தில் சித்திரவதைப்பட்டவர், காணாமற்போனவர், கொல்லப்பட்டவர் குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுத்தது. அரச வரிப்பணத்திலல்ல, மார்கோஸ் சுவிஸ் வங்கியில் போட்டிருந்ததிலிருந்து மீட்ட 10 பில்லியன் பேசோவில். 11,103 பேரின் கோரிக்கை ஏற்கப்பட்டது. துன்பத்தின் அளவுக்கு 1 முதல் 10 வரை புள்ளி போட்டு, கொல்லப்பட்டவருக்கும் காணாமற்போனவருக்கும் 10. புள்ளி போடுவது கொடூரமாகத் தோன்றலாம், ஆனால் பெயர் பதிவானது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள்.

கேள்வி: ஏப்ரல் 9 அங்கே வீர தினமாம். நம் ஊரில் குண்டு விழுந்ததும் அன்றுதானே? (வாசகர், சீனக்குடா)

பதில்: அதே நாள், அதே வருடம். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அன்றே பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் 75,000க்கு மேற்பட்ட படையினர் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள், பெரும்பான்மை பிலிப்பினோக்கள். பசியோடும் மலேரியாவோடும் மரிவேலெஸிலிருந்து சான் பெர்ணாண்டோ வரை 100 கிலோமீற்றர் அளவு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள்.

அமெரிக்கக் கொடியின் கீழ் சண்டை பிடித்த அவர்களுடைய ஓய்வூதிய உரிமையை 1946இல் அமெரிக்கா ஒரு சட்டத்தால் வெட்டியது. 2009இல்தான் ஒருதடவைக் கொடுப்பனவு: அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவருக்கு 15,000 டொலர், எடுக்காதவருக்கு 9,000. அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தகுதிக் கேள்வியை அமெரிக்காவிடமும் கேட்கலாம்.

கேள்வி: பிலிப்பைன்ஸ் காசுத் தாளில் வீரர்களை எடுத்துவிட்டுப் பறவை போடுகிறார்களாமே? (வாசகர், கந்தளாய்)

பதில்: ஆம். ஜப்பானியரால் கொல்லப்பட்ட மூவர் படம் இருந்த 1,000 பேசோத் தாளில் 2022இல் பிலிப்பைன்ஸ் கழுகு வந்தது. 2024 டிசம்பரில் 50, 100, 500 தாள்களின் புதிய பொலிமர் பதிப்பிலும் விலங்கும் பறவையும். பழைய தாள்களும் செல்லும். நம்முடைய தாளில் பறவை இருக்கிறது என்று நாம் யாரும் நாட்டுப்பற்றை இழக்கவில்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவரான பிரதம நீதியரசர் அபாட் சான்டோஸ் யார் என்று கடையில் மிச்சக் காசு வாங்கும்போதாவது ஒரு பிள்ளை கேட்டிருக்கும். அந்த வாய்ப்பு குறைந்துவிட்டது.

கேள்வி: ரிசாலுக்கு இலங்கையைத் தெரியுமா? தமிழருக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு? (வாசகி, தோப்பூர்)

பதில்: 1882 மே மாதம் ஐரோப்பா போகும் வழியில் அவருடைய கப்பல் காலியிலும் கொழும்பிலும் நின்றது. கொழும்பு சிங்கப்பூரையும் மணிலாவையும்விட அழகு என்று குறித்து வைத்தார். திருகோணமலைக்கு வரவில்லை, வந்திருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார் என்று நம்புவோம்.

தமிழ்த் தொடர்பு பழையது. 1762இல் பிரிட்டிஷார் மணிலாவைப் பிடித்தபோது மதராஸிலிருந்து கூட்டிப்போன சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டாவில் குடும்பம் வைத்துக் குடியேறினார்கள். அந்தப் பரம்பரை இன்றும் அங்கே இருக்கிறது. அதே குழப்பத்தில்தான் வடக்கே டியேகோ சிலாங் ஸ்பானியருக்கு எதிராக எழும்பினார். அவர் கொல்லப்பட்டபின் மனைவி கப்ரியேலா படையை நடத்தி 1763 செப்டெம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

கேள்வி: வேலை விஷயமாக மணிலா போகிறேன். ஒரு நாள்தான் ஓய்வு. இதில் எதைப் பார்க்கலாம்? (வாசகர், அன்புவழிபுரம்)

பதில்: ஓய்வு நாள் திங்கள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். தேசிய நூதனசாலை திங்களில் பூட்டு. மற்ற நாட்களில் நுழைவு இலவசம்.

காலை வெயில் ஏறுமுன் இன்ட்ராமுரோஸில் சான்டியாகோ கோட்டை. ரிசால் கடைசி இரவைக் கழித்த இடம். கடைசிக் கவிதையைச் சாராய அடுப்புக்குள் ஒளித்துத் தங்கையிடம் கொடுத்தது அங்கேதான். அவர் கொலைக்களத்துக்கு நடந்த வழியில் பித்தளைக் காலடிகள் பதித்திருக்கிறார்கள். அதன் மேலேயே நடந்து வெளியே வாருங்கள். அங்கிருந்து லுனெட்டா பூங்கா (பழைய பகும்பயான் திடல்) நடை தூரம். ரிசால் நினைவுச் சின்னத்துக்குப் பின்னால் உயரமான அடுக்குமாடி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதை நிறுத்தக் கேட்டு ரிசால் பெயரிலான சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய், தடுக்கும் சட்டம் எதுவும் இல்லையென்று 2017இல் தோற்றது. படம் எடுக்கும்போது கொஞ்சம் பக்கமாக நின்றால் கட்டடம் படத்துக்கு வெளியே போய்விடும். சுட்ட இடம் சின்னத்துக்குக் கீழே என்று பலர் நினைக்கிறார்கள். அது சற்றுத் தள்ளி, சிலைகளால் காட்சி அமைத்த தனி இடம், அதற்கு வேறாகச் சீட்டு.

மதியம் நூதனசாலை. நுழைந்ததும் ஹுவான் லூனாவின் ஸ்போலியாரியம்: நான்கு மீற்றருக்கு மேல் உயரம், ஏழரை மீற்றருக்கு மேல் அகலம், 1884இல் மட்ரிட்டில் தங்கப் பதக்கம் வாங்கியது. செத்த கிளாடியேட்டர்களை இழுத்துப் போகும் காட்சி. எதிர்ச் சுவர்வரை பின்னால் போய்ப் பாருங்கள், கிட்ட நின்றால் இரத்தம் மட்டும் தெரியும்.

பின்னேரம் நேரம் மிஞ்சினால் கேசோன் சிட்டியில் பாந்தாயோக் நினைவிடம். மார்கோஸ் ஆட்சியை எதிர்த்துச் செத்தவர்களின் பெயர்கள் கருங்கல் சுவரில் வெட்டியிருக்கும். மார்கோஸ் புதைக்கப்பட்டிருப்பது வேறு இடம், தகிக்கிலுள்ள வீரர் மயானம். 2016 நவம்பரில் முன்னறிவித்தல் இல்லாமல் நண்பகலில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க மணிலாவின் வாகன நெரிசல் விடாது. ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.